உங்கள் கரண்டி எத்தனை கிராம்?

கப், தம்ளர், ஸ்பூன், கைப்பிடி... அளவு மாறினால் ஆரோக்கியமும் மாறும்!

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் குட்டிக் கரண்டி, காபிக்குச் சர்க்கரை போடும் ஸ்பூன், பாயசம் சாப்பிடும் ஸ்பூன், மூன்றையும் எடுத்து வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே அளவாகவா இருக்கின்றன? இருக்காது. ஆனால் யாராவது 'ஒரு ஸ்பூன் போடுங்க' என்று சொன்னால், எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அதைத்தானே எடுக்கிறோம்?

ரசத்துக்கு மிளகுத்தூள் என்றால் பரவாயில்லை. கொஞ்சம் கூடினால் காரம், குறைந்தால் சப்பு. அடுத்த நாள் சரி பண்ணிக்கொள்ளலாம். மருந்துக்கு அப்படி முடியுமா? வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிற குழந்தைக்குக் கரைக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணீருக்கு? ரத்தக் கொதிப்பு உள்ளவரின் சாப்பாட்டு உப்புக்கு?

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். 'மருந்து ஒத்துக்கலை', 'மருந்து வேலை செய்யலை' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "எந்த ஸ்பூன்ல எடுத்தீங்க?" என்பதுதான். பாதிப் பிரச்னை அந்தக் கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

எடை வேறு... கொள்ளளவு வேறு!

கிராம், கிலோ என்பது எடை. மில்லி லிட்டர், கப், ஆழாக்கு, படி என்பது கொள்ளளவு. அதாவது ஒரு பாத்திரத்துக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்ற கணக்கு. பள்ளிக்கூடத்தில் நிறுத்தல் அளவை, முகத்தல் அளவை என்று படித்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது ஒரே ஒரு பொருளுக்குத்தான். அது தண்ணீர். 100 மி.லி. தண்ணீர் 100 கிராம் இருக்கும். இந்தத் தண்ணீர்க் கணக்கையே எல்லாப் பொருளுக்கும் போடுவதுதான் நாம் செய்கிற தப்பு.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறதே, ஏன்? அது லேசானது. 100 மி.லி. நல்லெண்ணெய் சுமார் 92 கிராம்தான் இருக்கும். தேன் தண்ணீரில் விட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். 100 மி.லி. தேன் சுமார் 140 கிராம். அதனால்தான் ஒரு கிலோ தேன் வாங்கினால் பாட்டிலில் 700 மி.லி. சுமாருக்குத்தான் நிற்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்!

தானியத்துக்கும் மாவுக்கும் கணக்கு இன்னும் சிக்கல். அரிசியை ஒரு தம்ளரில் கொட்டினால், மணிக்கும் மணிக்கும் நடுவே காற்று இருக்கிறது. மணி எவ்வளவு பெரிசு, எவ்வளவு காய்ந்திருக்கிறது, தட்டித் தட்டி நிரப்பினோமா, சும்மா கொட்டினோமா என்பதைப் பொறுத்து எடை மாறும். ஒரு கப் பச்சரிசி 190, 200 கிராம் வரும். அதே கப்பில் பொரியைக் கொட்டினால் 15 கிராம்கூடத் தேறாது! இரண்டுமே நெல்லிலிருந்து வந்ததுதான்.

மாவு இருக்கிறதே, அது இன்னும் பெரிய ஆள். சலித்த கோதுமை மாவை மெதுவாகக் கப்பில் அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் 120 கிராம். கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போய்விடும். அதே வீடு, அதே மாவு, அதே கப். ஆனால் கால் பங்கு வித்தியாசம். 'கேக் ஏன் கல்லு மாதிரி வந்துச்சு?' என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

பாட்டி காலத்துக் கணக்கு

அந்தக் காலத்தில் தராசும் கிராமும் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கலாம். அவர்களிடம் இரண்டு அளவையும் இருந்தது. எதை எதில் அளப்பது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. நெல், அரிசி, பருப்பு, பால், எண்ணெய் எல்லாம் படியில் முகந்து அளந்தார்கள். புளி, மிளகாய், வெல்லம், மருந்துச் சரக்கு எல்லாம் பலம், வீசை என்று நிறுத்து வாங்கினார்கள். வெல்லத்தைப் படியில் அளக்க முடியாது. உடைத்தால் ஓர் அளவு, தூளாக்கினால் வேறோர் அளவு ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

முகத்தல் அளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. எட்டுப் படி ஒரு குறுணி. எல்லாமே இரண்டு இரண்டாகப் பெருகும் கணக்கு. கையில் ஒரு உழக்கு இருந்தால் போதும், படிப்பில்லாதவரும் கலக்கணக்கில் நெல் அளந்துவிடுவார்.

நிறுத்தல் அளவையில் மூன்று ரூபாய் எடை ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. ரூபாய் எடை என்றால் இப்போதைய ரூபாய் அல்ல. வெள்ளைக்காரர் காலத்து வெள்ளி ரூபாய். அதன் எடை 11.66 கிராம். அதுதான் ஒரு தோலா.

1956-ல் சட்டம் கொண்டு வந்து, 1958 முதல் படிப்படியாக நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியது. பலமும் வீசையும் கடையை விட்டுப் போயின. ஆனால் நம் வீட்டுப் பழைய நோட்டுப் புத்தகங்களை விட்டுப் போகவில்லை. பிரசவ லேகியத்துக்குப் பாட்டி எழுதி வைத்த குறிப்பில் 'சுக்கு அரைப் பலம், திப்பிலி கால் பலம்' என்றுதான் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாமல் பேத்திகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி போடுகிறார்கள்.

சித்த மருந்து செய்கிறவர்கள் இன்று பின்பற்றுகிற கணக்கைத் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குன்றிமணி எடை - 130 மில்லி கிராம்
ஒரு பணவெடை - 488 மில்லி கிராம்
ஒரு வராகனெடை - 4.2 கிராம்
ஒரு பலம் - 35 கிராம்
ஒரு சேர் - 280 கிராம்
ஒரு வீசை - 1.4 கிலோ
ஓர் ஆழாக்கு - 168 மி.லி.
ஓர் உழக்கு - 336 மி.லி.
ஒரு படி - 1.344 லிட்டர், சுமாராக ஒன்றே கால் லிட்டருக்குச் சற்று மேல்

ஆக, கால் பலம் திப்பிலி என்றால் ஒன்பது கிராமுக்கும் குறைவு. கைப்பிடியில் எத்தனை வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்!

இன்னொரு விஷயம். குன்றிமணியை எடை போடப் பயன்படுத்தினார்களே தவிர, அதை வாயில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் பருப்பு கடும் விஷம். விளையாட்டுப் பொருள் என்று குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

எங்கே ஏமாறுகிறோம்?

பழைய பெயர்களில் சில பொறிகள் உண்டு. 'சேர்' என்பது நம் ஊரில் 280 கிராம். வடக்கே அதே பெயரில் இருந்த சேர் 80 தோலா, அதாவது 933 கிராம்! வடநாட்டுச் சமையல் குறிப்பையோ, வைத்தியக் குறிப்பையோ மொழிபெயர்த்துச் செய்கிறவர்கள் மூன்று மடங்குக்கு மேல் தவறிப் போவது இங்கேதான். படியும் அப்படியே. பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் மாறியது. எனவே பழைய குறிப்பு எந்த ஊர்க்காரர் எழுதியது என்று கேட்டுவிட்டு அளவெடுங்கள்.

புதிய பெயர்கள் மட்டும் ஒழுங்கா? அதுவும் இல்லை. 'கப்' என்பது அமெரிக்கப் புத்தகத்தில் சுமார் 240 மி.லி. ஆஸ்திரேலியாக்காரருக்கு 250 மி.லி. எலெக்ட்ரிக் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி. தான். அதில் 150 கிராம் அரிசி சுமாருக்குத்தான் பிடிக்கும். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளர் இந்த எதிலும் சேராது. சிலர் வீட்டில் 150, சிலர் வீட்டில் 250.

"அப்ப நாங்க இத்தனை வருஷமா தம்ளர்ல அளந்துதானே இட்லிக்கு ஊறப் போடறோம்? நல்லாத்தானே வருது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாலு தம்ளர் அரிசிக்கு ஒரு தம்ளர் உளுந்து என்று போடும்போது, இரண்டையும் ஒரே தம்ளரில்தான் அளக்கிறீர்கள். அங்கே முக்கியம் விகிதம். தம்ளர் சின்னதானாலும் பெரிசானாலும் விகிதம் மாறாது. ஆனால் ஒரு பொருளை எடையிலும் இன்னொரு பொருளைத் தம்ளரிலும் அளக்கச் சொன்னால், 'அரைக் கிலோ அரிசிக்கு மூணு தம்ளர் தண்ணி' என்றால், அப்போது தம்ளர் அளவு தெரியாமல் காரியம் ஆகாது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

மருந்துக்கு வருவோம்

மலச்சிக்கலுக்கு நிலாவாரைச் சூரணம் வாங்கிப் போன ஒரு பெரியவர், மூன்றாம் நாள் வாடிய முகத்தோடு வந்தார். "ராத்திரி ஒரு ஸ்பூன்தான் சாப்பிட்டேன் டாக்டர். விடியறதுக்குள்ள அஞ்சு தடவை போயிட்டேன். எழுந்திரிக்க முடியலை" என்றார். பொட்டலத்தின் மேல் 2 கிராம் என்று எழுதியிருந்தது. அவர் வீட்டு ஸ்பூனைக் கொண்டு வரச் சொன்னேன். குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற பெரிய ஸ்பூன்! அதிலும் கும்பாச்சியாக அள்ளியிருக்கிறார். எடை போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வயதானவருக்குப் போக்கு அதிகமானால் உடம்பில் நீரும் உப்பும் இறங்கி மயக்கமே வரலாம். மருந்து மேல் குற்றமில்லை, ஸ்பூன் மேல்தான்.

தேக்கரண்டி என்று வைத்தியர் சொன்னால், அது 5 மி.லி. பிடிக்கும் சின்னக் கரண்டி. மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., அதாவது மூன்று தேக்கரண்டி. 'தலை தட்டி' என்றால், கத்தியின் முதுகாலோ விரலாலோ மேலே வழித்து மட்டமாக்கிய அளவு. கும்பாச்சியாக அள்ளினால் பொடியைப் பொறுத்து இரண்டு மடங்குகூட வந்துவிடும்.

சரி, 5 மி.லி. கரண்டியில் 5 கிராம் சூரணம் நிற்குமா? நிற்காது! பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி தலை தட்டினால் சுமார் 2 கிராம். மஞ்சள்தூள் 3 கிராம். மிளகுத்தூள் இரண்டேகால் கிராம் சுமார். எனவே '5 கிராம்' என்று எழுதிய மருந்தை ஒரே ஒரு தேக்கரண்டி போட்டால் பாதி அளவுகூடப் போகாது. பிறகு 'குணமே தெரியலை' என்று சொல்லி என்ன பயன்?

குடிநீருக்கும் இதே கதை. 2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரும் வீட்டுக்கு வீடு காய்ந்தன. இந்தப் பொடிகள் இடித்த கரகரப்பான பொடி. நார், தண்டு, இலை எல்லாம் கலந்து தளதளவென்று நிற்கும். கரண்டியில் காற்றுதான் அதிகம். 5 கிராம் வேண்டும் என்றால் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை நிறுத்துப் பார்த்து, உங்கள் கரண்டியில் எத்தனை கரண்டி என்று அந்த டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

குடிநீரில் தண்ணீர் அளவும் மருந்துதான். 'நாலொன்றாக வற்றக் காய்ச்சு' என்றால் 240 மி.லி. ஊற்றி 60 மி.லி. ஆக்க வேண்டும். கொதிக்கிற பாத்திரத்துக்குள் 60 மி.லி. வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? எளிய வழி சொல்கிறேன். முதலில் காலிப் பாத்திரத்தில் 60 மி.லி. தண்ணீரை ஊற்றி, சுத்தமான ஒரு மரக் குச்சியை நேராக நிறுத்தி ஈரம் படிந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். பிறகு மீதி 180 மி.லி. ஊற்றிப் பொடியைப் போட்டுச் சிறுதீயில் காய்ச்சுங்கள். அவ்வப்போது இறக்கி வைத்துக் குச்சியை விட்டுப் பாருங்கள். நீர் கீறலுக்கு வந்ததும் வடிகட்டிவிடலாம். பொடி கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வடித்தபின் சற்றுக் குறைந்தாலும் கவலை இல்லை.

தைலம் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நல்லெண்ணெய் ஒரு படி' என்பது கொள்ளளவு, 1.344 லிட்டர். எடையாகப் பார்த்தால் சுமார் 1.24 கிலோ. இதைக் கிலோவாக நினைத்து 1.344 கிலோ எண்ணெய் வாங்கினால் 100 மி.லி.க்கு மேல் அதிகமாகிச் சரக்கின் வீரியம் நீர்த்துப் போகும்.

பற்பம், செந்தூரம் விஷயத்தில் மட்டும் வீட்டுக் கணக்கே வேண்டாம். இவற்றின் அளவு குன்றிமணி, உளுந்து எடைக் கணக்கு. ஓர் உளுந்து எடை என்பது 65 மில்லி கிராம். 'ஒரு சிட்டிகை' என்று நீங்கள் எடுப்பது உங்கள் விரல் தடிமனைப் பொறுத்தது. சித்த நூல்களிலேயே மூன்று விரலால் எடுப்பதற்குத் திரிகடி என்றும், ஐந்து விரல் நுனியும் சேர்த்து எடுப்பதற்கு வெருகடி என்றும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. அதெல்லாம் மூலிகைச் சூரணத்துக்கு. உலோகம், பாஷாணம் சேர்ந்த மருந்துகளை வைத்தியரே நிறுத்து மடித்துக் கொடுத்த பொட்டலமாகத்தான் வாங்க வேண்டும்.

குழந்தை விஷயத்தில் உஷார்!

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப் என் வைத்திய முறை மருந்தல்ல. ஆனால் என்னிடம் வரும் தாய்மார்கள் வீட்டிலும் அது இருக்கிறது என்பதால் சொல்கிறேன். கடையில் 5 மி.லி.யில் 125 மில்லி கிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 மில்லி கிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இன்னும் செறிவானது. பாட்டில் மாறினாலே அளவு இரட்டிப்பாகும். அதோடு சமையலறை ஸ்பூனும் சேர்ந்தால் என்ன ஆகும்? அளவு மீறிய பாரசிட்டமால் ஈரலைப் பாதிக்கும். பாட்டிலோடு வரும் மூடி, ஊசியில்லாத சிரிஞ்சு இவற்றால்தான் அளக்க வேண்டும். குழந்தையின் எடைக்கு எத்தனை மி.லி. என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 'ஒரு ஸ்பூன்' என்று எழுதினால், "எத்தனை மில்லி டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுதான் சிறந்தது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அதில் கொஞ்சம் பிரித்துத் தம்ளரில் போட்டுக் கலக்கக் கூடாது. முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் ஆறிய கொதிநீரில் கலக்க வேண்டும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் வருகிறது. மேலே அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுக் கரையுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் கிடைக்கவில்லை என்றால்? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. இது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. இங்கே உப்பைக் கும்பாச்சியாகப் போட்டால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புகூட வரலாம். சர்க்கரை கூடினால் போக்கு இன்னும் அதிகமாகும். கரைத்ததும் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பால் பவுடர் டப்பாவிலும் உள்ளே ஒரு குட்டிக் கரண்டி இருக்கும். ஒரு கம்பெனிக் கரண்டியை இன்னொரு கம்பெனி டப்பாவுக்குப் போடாதீர்கள்.

உப்பு, எண்ணெய், சாதம்

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம். ஆக, முழுதாக ஒரு தேக்கரண்டிகூட இல்லை! கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்பதால் அதே கரண்டியில் எடை சற்றுக் குறையும். கல்லுப்பு போட்டுப் பழகியவர்கள் தூள் உப்புக்கு மாறியதும் 'உப்பு கரிக்குது' என்பது இதனால்தான்.

தினமும் யார் அளந்துகொண்டிருப்பது? சுலபமான கணக்கு இருக்கிறது. வீட்டில் நாலு பெரியவர்கள் என்றால் நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் மாசம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறதா? அப்படியென்றால் சமையலில் மட்டுமே உப்பு கூடுதல். ஊறுகாய், அப்பளம், வெளியே வாங்கும் மிக்சர் எல்லாம் இதற்கு மேல்!

எண்ணெய்க்கும் அதே வழி. உடலுழைப்பு அதிகம் இல்லாதவருக்கு நாளுக்கு 20 முதல் 25 கிராம் போதும். அதாவது நாலைந்து தேக்கரண்டி. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சடித்திருக்கும். நாலு பேர் வீட்டுக்கு மாசம் மூன்று லிட்டர் சரியான கணக்கு. ஐந்து, ஆறு என்று போனால் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. நெய் வாங்கும்போதும் கவனியுங்கள். 500 மி.லி. பாட்டில் என்பது அரைக் கிலோ அல்ல, சுமார் 455 கிராம்தான். விலையை ஒப்பிடும்போது இதையும் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. 'மதியம் 100 கிராம் அரிசி' என்று எழுதியிருந்தால், பச்சை அரிசியின் எடையா, வெந்த சாதமா என்று கேளுங்கள். 100 கிராம் அரிசி வெந்தால் சாதம் இரண்டரை முதல் மூன்று மடங்கு எடை வரும். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் சாதத்தில் 28 கிராம்தான். தப்பாகப் புரிந்துகொண்டால் ஒன்று பட்டினி கிடப்பீர்கள், இல்லையென்றால் மூன்று மடங்கு சாப்பிடுவீர்கள். இரண்டுமே ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து.

தராசு இல்லாமல் கண்டுபிடிக்கலாம்

எலெக்ட்ரானிக் சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. முடிந்தவர்கள் வாங்கி வையுங்கள். முடியாதவர்களுக்கும் வழி உண்டு.

கரண்டிக்கு: மருந்துக் கடையில் 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று, ஊசியில்லாமல் வாங்குங்கள். தண்ணீரை இழுத்து உங்கள் ஸ்பூனில் விடுங்கள். வழியாமல் எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். சரியாக 5 மி.லி. பிடிக்கும் ஸ்பூனைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு சிவப்பு நூல் கட்டி மருந்துக்கென்று தனியாக வைத்துவிடுங்கள்.

தம்ளருக்கு: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தம்ளர் தம்ளராக ஊற்றி எண்ணுங்கள். ஐந்து தம்ளர் வந்தால் ஒரு தம்ளர் 200 மி.லி.

எடைக்கு: புதிதாக வாங்கிய ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை உங்கள் தம்ளரால் தலை தட்டி அளந்து டப்பாவில் கொட்டுங்கள். ஆறு தம்ளர் வந்தால், 1000-ஐ ஆறால் வகுங்கள். ஒரு தம்ளர் சுமார் 167 கிராம். அவ்வளவுதான்! பருப்பு, ரவை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் இப்படியே ஒருமுறை செய்து டப்பா மூடியின் உள்பக்கம் எழுதிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. 100 கிராம் மஞ்சள்தூள், மிளகுத்தூள் பாக்கெட்டைத் தேக்கரண்டியால் இப்படியே அளக்கலாம்.

கத்தரித்து சமையலறையில் ஒட்டிக்கொள்ளுங்கள்!

(எல்லாம் தலை தட்டி, சுமாரான அளவு)

ஒரு கப், 240 மி.லி.
தண்ணீர் - 240 கிராம்
பால் - 245 கிராம்
நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் - 220 கிராம்
தேன் - 340 கிராம்
பச்சரிசி, புழுங்கலரிசி - 190 முதல் 200 கிராம்
துவரம்பருப்பு, பாசிப்பருப்பு - 200 கிராம்
ரவை - 170 கிராம்
கோதுமை மாவு - 120 முதல் 130 கிராம்
அரிசி மாவு - 150 கிராம்
சர்க்கரை - 200 கிராம்

ஒரு தேக்கரண்டி, 5 மி.லி.
தூள் உப்பு - 6 கிராம்
சர்க்கரை - 4 கிராம்
தேன் - 7 கிராம்
எண்ணெய் - நாலரை கிராம்
மஞ்சள்தூள் - 3 கிராம்
வெந்தயம் - மூன்றரை முதல் 4 கிராம்
சீரகம் - 2 கிராம்
சுக்குத்தூள் - 2 கிராம்

வெந்தயத்தையும் சீரகத்தையும் பாருங்கள். ஒரே கரண்டி, எடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்! சர்க்கரை வியாதிக்கு வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தால் 'இன்னும் ஒரு ஸ்பூன்' என்று இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். தேனும் அப்படித்தான். 'சர்க்கரைக்குப் பதில் தேன்தானே' என்று தாராளமாக விடுகிறார்கள். கரண்டிக்குக் கரண்டி சர்க்கரையை விடத் தேன்தான் கனம். ஒரு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு, மருந்து குழைத்துக் கொடுக்கக்கூடத் தேன் வேண்டாம்.

கடைசியாக...

கை அளவு, கண் அளவு என்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. முப்பது, நாற்பது வருஷம் சமைத்த கைக்கு உப்பும் புளியும் தானாகத் தெரியும். அது அனுபவம். ஆனால் அந்தக் கை உங்கள் அம்மாவுடையது. அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளும்போது ஒருமுறை அந்தக் கைப்பிடியைத் தராசில் போட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேகியம் கிளறும்போது, ஊறுகாய் போடும்போது, பருப்புப்பொடி இடிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அவர் 'ஒரு கைப்பிடி' என்று சொல்வதற்கு எதிரே கிராமில் ஓர் எண். அது போதும்.

மருந்துக்கு மட்டும் கண் அளவு வேண்டவே வேண்டாம். இன்றைக்கே அந்த 5 மி.லி. கரண்டியைத் தேடி எடுத்துச் சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள்!